ரொறன்ரோவின் பழைய செங்கல் வீடுகள்: உதிரும் கல்லுக்கு வலுவான சீமெந்துதான் மருந்தா?

2023 ஏப்ரல் 8 (வாசகரின் கேள்வி)

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் 1912ஆம் ஆண்டு கட்டப்பட்ட செமி வீடு (பக்கத்து வீட்டோடு ஒரு பொதுச்சுவரால் இணைந்தது) ஒன்றை வாங்கியிருக்கிறோம். பனி கரைந்ததும் பார்த்தால், முன்சுவரின் கீழ்ப்பகுதியில் செங்கற்களின் முகம் தகடு தகடாகக் கழன்று புல்லில் கிடக்கிறது. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், கல்லுக்கு வயதாகிவிட்டது என்றும், பழைய சாந்து முழுவதையும் தோண்டிவிட்டு வலுவான சீமெந்துக் கலவை நிரப்பி மேலே சிலிக்கோன் அடித்தால் பிறகு கவலையே இல்லை என்றும் சொல்கிறார். என் அண்ணரும் அதையே சொல்கிறார். வலுவான சாந்து போடுவதில் என்ன தவறு இருக்க முடியும்?

2023 ஏப்ரல் 9

வலுதான் தவறு. உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்ன இரண்டு வேலைகளும் சேர்ந்தால் சுவர் இப்போது கெடுவதைவிட வேகமாகக் கெடும்.

செங்கல்லுக்கு வயதாவதில்லை; அதில் ஈரம் தங்குகிறது. நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. கல்லின் நுண்துளைகளில் காற்றுக்கு இடம் இருக்கும்வரை அந்தக் கூடுதல் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். துளைகள் ஏறக்குறைய நிரம்பிய நிலையில் உறைந்தால் ஒதுங்க வழியில்லாமல் கல்லின் முகத்தைப் பிளந்து வெளியே தள்ளும். காய்ந்து நிற்கும் சுவருக்கு −25 பாகைக் குளிரிலும் ஒன்றும் ஆவதில்லை. பகலில் மழையும் இரவில் உறைவுமாகப் போகும் மார்ச் மாதத்தில், நனைந்தபடி நிற்கும் சுவர்தான் உடைகிறது.

1912இல் கட்டிய சுவரின் சாந்து பெரும்பாலும் சுண்ணாம்பும் மணலுமாகத்தான் இருக்கும். சிறிதளவு சீமெந்து சேர்ந்திருக்கவும் கூடும். அந்தச் சாந்து கல்லைவிட மென்மையானது, கல்லைவிட எளிதாக ஈரத்தை வெளியே விடக்கூடியது. சுவருக்குள் போன நீர், கற்களுக்கு இடையே சாந்து நிரம்பிய மூட்டுகளின் வழியாகவே வெளியேறியது, கெட்டுப்போனதும் மூட்டுதான். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிப் புதுச் சாந்து வைப்பார்கள், கல் அப்படியே இருக்கும். மூட்டில் இறுகிய போர்ட்லண்ட் சீமெந்தை அடைத்தால் இந்த வழி மூடிக்கொள்ளும். பிறகு நீர் கல்லின் முகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனோடு வரும் உப்பும் முகத்துக்குப் பின்னாலேயே படியும். வெயிலுக்கும் குளிருக்கும் சுவர் விரிந்து சுருங்கும்போது விட்டுக்கொடுக்காத சாந்து கல்லின் விளிம்புகளை நசுக்கும்.

நாளை காலை ஒரு வேலை செய்யுங்கள். உடைந்த கற்களைச் சுற்றியுள்ள மூட்டுகளைக் கிட்ட நின்று பாருங்கள். சாம்பல் நிறச் சாந்து சட்டம் போலத் துருத்திக்கொண்டு நிற்க, அதன் நடுவே கல் விரல் ஆழத்துக்கு உள்ளே கரைந்து போயிருந்தால், உங்களுக்கு முன்பு இருந்தவரும் இதே ஆலோசனையைக் கேட்டிருக்கிறார்.

2023 ஏப்ரல் 9, இரவு

சிலிக்கோனைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. மழைநீர் சுவருக்குள் போவது பெரும்பாலும் கல்லின் முகத்தால் அல்ல. மூட்டின் மயிரிழை வெடிப்பாலும், யன்னல் ஓரத்தாலும், கூரை விளிம்பாலும்தான். மேலே படலம் போட்டாலும் இந்த வழிகள் திறந்தே இருக்கும், காயும் வழி மட்டும் அடைபடும். நனைந்த சட்டையோடு மழையங்கி போட்டுக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. எண்ணெய்ப் பெயின்ற் அடித்த பழைய சுவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. ஆவியை விடக்கூடிய சைலேன் வகைத் திரவங்கள் உண்டு என்பது உண்மை. ஆனாலும் மூட்டு சரியாக இல்லாத சுவரில் அவற்றையும் நான் தொட மாட்டேன். ஊறிய திரவத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

2023 ஏப்ரல் 14

படங்களுக்கு நன்றி. துருத்திய சாந்து கீழே ஒரு மீற்றர் உயரம் வரை தெளிவாகத் தெரிகிறது. அதற்கு மேலே இருப்பது மூலச் சாந்து என்றே நினைக்கிறேன். உறுதிசெய்ய ஓர் ஆணி போதும். சுண்ணாம்புச் சாந்தை ஆணியால் கீறினால் மணலாக உதிரும், இடையிடையே நீறாத சுண்ணாம்பின் வெள்ளைக் கட்டிகள் தென்படும். சீமெந்துச் சாந்தில் ஆணி வழுக்கிக்கொண்டு போய்ப் பளபளப்பான கோடு மட்டுமே விழும்.

அமிலத் துளி விட்டுப் பார்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நுரைக்கும், ஆனால் சுண்ணாம்பு கலந்த சீமெந்துச் சாந்தும் நுரைக்கும், சுண்ணாம்புக்கல் மணல் இருந்தாலும் நுரைக்கும். அதனால் அது எதையும் பிரித்துக் காட்டாது.

2023 ஏப்ரல் 16

"செங்கல்லுக்கு வயதாவதில்லை" என்று மேலே எழுதியதைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஒரே சுவரில், ஒரே மூட்டுச் சாந்தோடு, ஒரு கல் பொடியாகவும் அடுத்த கல் நேற்றுச் சூளையிலிருந்து வந்தது போலவும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். காரணம் சூளை. ரொறன்ரோவின் பழைய கற்களில் கணிசமானவை டொன் பள்ளத்தாக்கில் ரெய்லர் சகோதரர்கள் 1889இல் தொடங்கிய செங்கல் ஆலையிலிருந்து வந்தவை; மாஸி இசை மண்டபத்திலும் காசா லோமா மாளிகையிலும் அங்கே சுட்ட கற்கள் இருக்கின்றன. 1904 ஏப்ரல் 19ஆம் திகதி நகரின் நடுப்பகுதியை எரித்த பெருந்தீக்குப் பிறகு செங்கல்லுக்குத் தேவை மேலும் ஏறியது. அக்காலச் சூளைகளில் நெருப்புக்கு அருகே அடுக்கிய கல் இரும்பு போல வேகும். தள்ளி அடுக்கிய கல் அரைவேக்காடாக, வெளிறிய இளஞ்சிவப்பாக வரும். அரைவேக்காட்டுக் கல்லை உள்வரிசையில் வைப்பதுதான் வழக்கம், அவசரத்தில் வெளிவரிசைக்கும் சில வந்துவிடும்.

நன்றாகச் சுட்ட கல்லுக்கும் முகத்தில் மெல்லிய கடினத் தோல் ஒன்று இருக்கிறது; அதுதான் அதன் பாதுகாப்பு. 1970களில் பல வீடுகளுக்குச் செய்தது போல மணலை அடித்துச் சுத்தம் செய்தால் அந்தத் தோல் போய்விடும். உங்கள் சுவர் முழுவதும் சொரசொரப்பாகக் குழிக்குழியாக இருந்தால், முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

2023 ஏப்ரல் 22

சாந்துக் கலவையைச் சொல்லுங்கள் என்று மூவர் கேட்கிறீர்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முடிக்காமல் கலவைக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை. மூட்டை எவ்வளவு அழகாகச் செய்தாலும், கூரைநீரை இறக்கும் பீலிக் குழாய் அதே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தால் சில குளிர்காலங்களில் மீண்டும் அங்கேதான் நிற்பீர்கள்.

அழிவு எங்கே இருக்கிறதோ அதுவே காரணத்தைக் காட்டும். ஒரே நிரலாக மேலிருந்து கீழே உடைந்திருந்தால் பீலி நிரம்பி வழிகிறது, அல்லது குழாயின் பொருத்து பின்பக்கம் பிளந்திருக்கிறது. யன்னலுக்குக் கீழே மீசை போல உடைந்திருந்தால், யன்னற்படியின் அடியில் நீர் சொட்டி விழுவதற்கான பள்ளம் இல்லை, அல்லது பெயின்றால் அடைபட்டிருக்கிறது. நிலத்தை ஒட்டி உடைந்திருந்தால் மண் அத்திவாரத்துக்கு மேலே ஏறியிருக்கும், அல்லது நடைபாதைக்குப் போடும் உப்பு தெறித்திருக்கும். உங்கள் படத்தில் வாசற்படியின் இரு பக்கமும் மட்டும் மோசமாக இருப்பது உப்பின் வேலை என்றே தோன்றுகிறது. படிக்கு மணல் போடுங்கள். அண்ணரையும் உப்பு வாளியோடு வர விடாதீர்கள்.

புகைபோக்கி தனிக் கதை. கூரைக்கு மேலே நான்கு பக்கமும் மழைக்கும் காற்றுக்கும் திறந்து நிற்பதால் எந்த வீட்டிலும் முதலில் கெடுவது அதுதான். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. முன்பு பழைய உலையின் சூடான புகை குளிர்காலம் முழுவதும் உள்ளிருந்து அதைக் காயவைத்தது. உயர்திறன் எரிவாயு உலை வந்தபின் அதன் கழிவாவி பிளாஸ்ரிக் குழாயால் பக்கச் சுவர் வழியே போய்விடுகிறது. புகைபோக்கி குளிர்ந்து கிடக்கிறது. சுடுநீர்த் தாங்கியின் புகை மட்டும் உள்ளுறை இல்லாத அந்தப் பெரிய குழலில் ஏறினால், வழியிலேயே குளிர்ந்து நீராகிக் கல்லுக்குள் இறங்கும். எங்கள் வீட்டில் உலையை மாற்றியபின்தான் புகைபோக்கியின் மேல் வரிசைகள் உதிரத் தொடங்கின. எஃகு உள்ளுறையும், விளிம்பு வெளியே நீண்ட மூடியும் போட்டபின் நின்றது.

2023 மே 6

கலவைக்கு வருகிறேன். வட அமெரிக்கத் தர அளவுகளில் சாந்து வகைகளுக்கு எழுத்துப் பெயர்கள் உண்டு. 28 நாளில் ஒரு சதுர அங்குலத்துக்குத் தாங்க வேண்டிய அழுத்தம் எம் (M) வகைக்கு 2,500 பவுண்ட், எஸ் (S) வகைக்கு 1,800, என் (N) வகைக்கு 750, ஓ (O) வகைக்கு 350. அதற்கும் கீழே பழைய கட்டடங்களுக்காகப் பேசப்படும் கே (K) வகைக்கு 75. உங்கள் ஒப்பந்தக்காரர் மனதில் வைத்திருப்பது எஸ் அல்லது எம்; அது நிலத்துக்கு அடியில் நிற்கும் சுவருக்கும் இன்றைய கடினக் கல்லுக்கும் உரியது.

1912ஆம் ஆண்டுச் சுவருக்கு நான் ஓ வகைக்கு மேலே போக மாட்டேன்: சீமெந்து 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 2 பங்கு, மணல் 9 பங்கு, எல்லாம் கனவளவில். என் (N) வகை என்பது 1:1:6. சூரியனையும் மழையையும் நேரே வாங்கும் புகைபோக்கிக்குக் கல் கடினமாக இருந்தால் மட்டும் அதை ஏற்கலாம். கல் மிகவும் மென்மை என்றால் சீமெந்தே இல்லாமல், நீரால் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பில் 3.5 என்று குறித்த வகையைப் பயன்படுத்துவார்கள். அது விலை கூடியது. பெரிய கடைகளில் கிடைக்காது, மரபுக் கட்டடப் பொருள் விற்பவர்களிடம்தான் கிடைக்கும். கடையில் அடுக்கியிருக்கும் ஆயத்தக் கலவைப் பைகள் பெரும்பாலும் என் (N) அல்லது எஸ் (S) வகை. பையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

நிறத்தைத் தருவது மணல். பழைய சாந்தை நொறுக்கிச் சுண்ணாம்பை அமிலத்தில் கரைத்தால் மணல் மிஞ்சும். அதன் நிறத்தையும் பருமனையும் பார்த்து ஒத்த மணல் தேடினால் நிறப்பொடி தேவைப்படாது. ஏப்ரல் 14இல் பயனில்லை என்று சொன்ன அமிலம் இங்கே பயன்படுகிறது.

2023 மே 20

செய்முறை. கெட்ட மூட்டை, அதன் அகலத்தைப் போல 2 முதல் 2½ மடங்கு ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். 10 மில்லிமீற்றர் மூட்டு என்றால் ஏறத்தாழ ஓர் அங்குலம். மேலோட்டமாகச் சுரண்டி ஒட்டிய சாந்து ஒரே குளிர்காலத்தில் பட்டையாகக் கழன்று வரும். கிரைண்டரைப் படுக்கை மூட்டின் நடுவே ஒரு கோடு இழுக்க மட்டும் பயன்படுத்தி, மிச்சத்தை உளியால் எடுங்கள். நிற்கும் மூட்டுகளில் கிரைண்டரே கூடாது. அதன் வட்டத் தகடு மேல்கல்லையும் கீழ்கல்லையும் வெட்டாமல் அந்தக் குறுகிய உயரத்துக்குள் நுழையாது. இந்த நகரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும், ஒவ்வொரு நிற்கும் மூட்டின் தலையிலும் காலிலும் அந்த வெட்டுத் தழும்பைப் பார்க்கலாம்.

தூசில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்யாமல், முகத்தோடு பொருந்தும் வடிகட்டி முகமூடி அணியுங்கள், பக்கத்து வீட்டாரின் யன்னல்களையும் மூடச் சொல்லுங்கள்.

சாந்து வைப்பதற்கு முன் சுவரை நன்றாக நனைத்து, மேற்பரப்பு நீர் போகும்வரை பொறுக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், பிறகு சாந்து இறுகாமல் பொடியாகும். கலவை, கையில் உருட்டினால் உருண்டையாக நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். 6 மில்லிமீற்றர் அளவில் ஒரு படை வைத்து, அழுத்தி, அது சற்று இறுகியபின் அடுத்த படை. கடைசிப் படையில் பெருவிரலை அழுத்தினால் அச்சு மட்டும் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. மூட்டின் முகத்தைக் கோலால் இழுத்துச் சீராக்க வேண்டிய நேரம் அதுதான். கற்களின் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால் சாந்தைச் சிறிது உள்வாங்கி நிறுத்துங்கள். முகம் வரை நிரப்பினால் மூட்டு அகலமாகத் தெரிவதோடு, விளிம்பின் மெல்லிய படலம் முதல் உறைவிலேயே வெடித்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிறகு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாட்கள் ஈரமாக வைத்திருங்கள். தெற்கு நோக்கிய சுவரில் நிழலுக்குப் படங்கு கட்டுவது கட்டாயம்.

2023 ஜூன் 3

"எங்கள் ஊர்ப் பழைய கட்டடங்களில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்பில் ஊற்றி அரைத்தார்கள், இங்கேயும் செய்தால் என்ன?" என்ற குறிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் செய்ய வேண்டாம். அது தூய சுண்ணாம்புச் சாந்துக்கான முறை, அதுவும் உறைபனி இல்லாத ஊரில். ஓ வகையில் போர்ட்லண்ட் சீமெந்து இருக்கிறது. சர்க்கரை சீமெந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும், அளவு மிஞ்சினால் கெடுத்தேவிடும். வெல்லத்தைத் தேநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூலை 2

முகம் போன கல்லை என்ன செய்வது? சாந்தைப் பூசிச் சிவப்பு நிறம் தீட்டுவது வேண்டாம். அந்தப் பூச்சின் பின்னால் மீண்டும் ஈரம் தங்கும். கல்லைச் சுற்றியுள்ள சாந்தைத் துளைத்தெடுத்து முழுதாக வெளியே இழுங்கள். முழுதாக வந்தால் பின்முகத்தைத் திருப்பிப் பாருங்கள். பல வேளைகளில் அது நூறு ஆண்டாக மழை காணாமல் புதிதாக இருக்கும். அதையே திருப்பி வைத்தால் நிறமும் அளவும் பொருந்தும், செலவும் இல்லை. திரும்பாத கற்களுக்கு, இடித்த வீடுகளின் கல்லை வாங்கலாம். அங்கே வெளிறிய இளஞ்சிவப்புக் கற்களை ஒதுக்கிவிட்டு, ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீர் என்று ஒலிப்பவற்றை எடுங்கள். இன்றைய புதுக் கல் அளவிலும் கடினத்திலும் வேறுபடும்; இடையில் வைத்தால் அது மட்டும் துருத்திக்கொண்டு தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இவை இரட்டை வரிசைச் சுவர்கள். சில வரிசைகளுக்கு ஒருமுறை, முகத்தில் தலை மட்டும் தெரியும்படி குறுக்கே வைத்த கற்கள்தான் உள்வரிசையையும் வெளிவரிசையையும் பிணைக்கின்றன. அவற்றை வெட்டிவிட்டு அரைக் கல்லை ஒட்டினால் வெளிவரிசை தனியே நிற்கும், நாளடைவில் வயிறு தள்ளும். அடுத்தடுத்த கற்களை ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். யன்னலுக்கு மேலே இரும்புத் தாங்கி துருப்பிடித்துக் கல்லைத் தூக்கியிருந்தாலோ, சுவர் ஏற்கெனவே வெளியே வளைந்திருந்தாலோ, மேசனுக்கு முன் கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

2023 செப்டெம்பர் 24

இன்னும் தொடங்காதவர்கள் இந்த ஆண்டு தொடங்க வேண்டாம். சாந்து வேலைக்கு 5 பாகைக்கு மேல் வேண்டும், இரவிலும். சீமெந்து நாட்களில் இறுகிவிடும்; சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து வாரக்கணக்கில்தான் இறுகும். முதல் உறைவுக்கு முன் அதற்கு அந்த நேரத்தைக் கொடுத்தாக வேண்டும். நவம்பரில் வந்து "இறுக்கும் மருந்து கலந்து செய்கிறோம்" என்பவர்கள் கலப்பது கல்சியம் குளோரைட்டாக இருந்தால், நாம் விரட்டப் பார்க்கும் உப்பை அவர்களே உள்ளே வைக்கிறார்கள்.

2023 ஒக்ரோபர் 15

உட்புறம் வெப்பக் காப்பு போடலாமா என்ற கேள்வி இந்த இழையிலேயே கடினமானது. இப்போது உங்கள் வீட்டின் சூடு சுவர் வழியே கசிந்து வீணாகிறது. அந்த வீண் சூடுதான் கல்லைக் காயவைத்துக்கொண்டும் இருக்கிறது. உள்ளே நுரைக் காப்பை அடித்தால் வீடு கதகதப்பாகும், கல் முன்பைவிடக் குளிரும், மெதுவாகக் காயும். சுவருக்குள் செருகிய மர உத்திரங்களின் முனைகளும் அதே ஈரத்தில் நிற்கும். வோட்டர்லூ பல்கலைக்கழகத்தின் கட்டட அறிவியல் ஆய்வாளர் ஜோன் ஸ்ட்ரோப் போன்றவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் உறைந்தால் உடையும் ஈர எல்லை ஒன்று உண்டு. மாதிரிக் கல்லைச் சோதித்து அந்த எல்லையை அறிந்து, சுவர் அதை எட்டுமா என்று கணித்தபின் காப்புப் போடலாம் என்பது அவர்கள் வழி. கணிக்க வசதி இல்லாதவர்களுக்கு நான் சொல்வது: மேல்மாடக் கூரையின் அடியிலும் காற்றுக் கசிவிலும் முதலில் செலவு செய்யுங்கள். சுவரை இரண்டு குளிர்காலம் கவனித்தபின் யோசியுங்கள்.

2024 ஜனவரி 21

சுவரைப் பார்க்க நல்ல காலம் இதுதான். மழைக்குப் பிறகு எந்தக் கற்கள் கடைசிவரை கறுத்து ஈரமாக நிற்கின்றன, எங்கே உப்பு வெள்ளையாகப் பூக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் மீண்டும் உள்ளே போகும். காய்ந்தபின் தூரிகையால் துடைத்து அள்ளிவிடுங்கள்.

2024 ஏப்ரல் 14

முதலில் கேள்வி கேட்டவர் பீலியை மாற்றி, படிக்கு உப்புப் போடுவதை நிறுத்தி, இந்தக் கோடையில் மூட்டு வேலைக்கு ஆள் தேடுவதாக எழுதியிருக்கிறார். சாந்து முழுவதையும் எடுக்க வேண்டுமா என்று மறுபடி கேட்கிறார். வேண்டாம். ஆணி நுழையாத, வெடிக்காத சுண்ணாம்பு மூட்டை அப்படியே விடுங்கள். கீழ் ஒரு மீற்றரில் உள்ள சீமெந்து கல்லோடு இறுகப் பிடித்திருந்தால், எடுக்கும்போது கல்லும் உடையும். ஓரிடத்தில் சோதித்து, தானாகக் கழன்று வருவதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

வீடு கபேஜ்ரவுன் போன்ற மரபுக் காப்பு வட்டாரத்துக்குள் இருந்தால், ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின்படி நகரசபை அனுமதி வேண்டுமா என்று முன்னரே கேட்டுவிடுங்கள்.

விலைக்குறிப்பு கேட்கும்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: கலவை 1:2:9, தோண்டும் ஆழம் ஓர் அங்குலம், நிற்கும் மூட்டுகளில் உளி மட்டும், அமிலக் கழுவலும் மேற்பூச்சும் இல்லை. தெருவிலிருந்து தெரியாத மூலையில் முதலில் ஒரு சதுர மீற்றர் மாதிரி வைத்து, அது காய்ந்து நிறம் வெளுத்தபின்தான் மற்றச் சுவரைத் தொட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "பழைய வீடு என்றாலும் எஸ் வகைதான் நாங்கள் போடுவோம்" என்று சொல்பவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.